இரண்டு தட்டு

செருப்பைக் கழற்றி
நுனி வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும்.
ஓடிப்போக வசதி என்று நினைத்துக்கொண்டேன்.
கைநகம் கால்நகம் வெட்டியிருக்க வேண்டும்.
மோதிரம் கூடாது.
என்னுடையது இரண்டு வருடம் முன்பே கழன்றுவிட்டது.

சட்டையில் இடப்பக்கம் மேலே வர வேண்டும்,
வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.
முதல் செவ்வாய் நான் பிணமாகத்தான் வந்து நின்றேன்.
ஹிராகா, இருபத்தாறு வயது,
பகலெல்லாம் வங்கியில் நோட்டு எண்ணுகிறவள்,
எதுவும் பேசாமல்
தன் சட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

ஒதாரு நகராட்சிக் கூடம், இரண்டாம் மாடி,
நாற்பது தாண்டியவர்களுக்கு ஜூடோ.
மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு இருமுகிறது.
நாங்கள் ஆறு பேர்.
ரயில்வேக்காரர் ஒருவர்,
இரட்டையர் போல் சிரிக்கும் கணவன் மனைவி,
பெயர் சொல்லாத பல் மருத்துவர்,
நான்,
கடைசியாக உள்ளே வந்த மினெமுரா தொவாகோ.

என் பக்கத்து வீடு.
மூன்று குளிர்காலமாக
அவள் கூரையின் பனி என் வாசலில் இறங்குகிறது.
மூன்று குளிர்காலமாக
நான் அதை வாரி அவள் சைக்கிள்மேல் போடுகிறேன்.
பேச்சு இல்லை.

முதல் மாதம் யாரையும் எறியவில்லை.
விழுந்தோம், அவ்வளவுதான்.
முகவாயை நெஞ்சில் புதை,
கண் இடுப்புக் கச்சையின் முடிச்சில் இருக்கட்டும்,
தரை உன்னை அடிக்குமுன்
கையால் தரையை நீ அடி.
படார்.
படார்.
மீசையில் மண் ஒட்டவில்லை என்று
மீசையே இல்லாமல் சொல்லித் திரிந்த எனக்கு
விழுந்தேன் என்பதை
இத்தனை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் மாதம், ஜோடி.
ஆறு பேர் என்றால் யாரும் மிஞ்சுவதில்லை.
எதிரெதிரே நின்று
தொடைமேல் உள்ளங்கை வழுக்க
இடுப்பிலிருந்து குனிய வேண்டும்,
‘உங்களை வேண்டிக்கொள்கிறேன்’ என்று சொல்ல வேண்டும்.
பனிக்காகப் பணியாத தலை
பயிற்சிக்காகப் பணிந்தது.
அவளும் சொன்னாள். குரல் எனக்கு மறந்திருந்தது.

இடக்கை அவள் முழங்கையருகே துணியில்,
வலக்கை அவள் கழுத்துப்பட்டியில்.
இறுக்காதே, குடை பிடிப்பதுபோல் பிடி, என்றாள் ஹிராகா.
கழுத்துப்பட்டிக்குள்ளிருந்து கற்பூர வாசம்:
தோள்வலிக்கு ஒட்டுகிற பட்டை.
பனி வாருகிற தோள்.
என் தோளிலும் அதே கம்பெனிப் பட்டை,
நிச்சயம் அவளுக்கும் மணத்திருக்கும்.

பிறகு தரையில் அமுக்கிப் பிடிப்பது.
தாங்க முடியாவிட்டால் இரண்டு தட்டு.
எதிராளி மேலோ தரைமேலோ, எங்கும் தட்டலாம்.
தட்டு கேட்டதும் விட்டுவிட வேண்டும்,
யோசிக்கக் கூடாது,
இதைவிடப் பெரிய விதி இங்கே கிடையாது.

முதலில் அவள் மேலே.
விலா நொறுங்கும்வரை பொறுத்துக் கிடந்தேன்.
பிறகு தட்டினேன்.
இரண்டாம் தட்டு விழுமுன்பே
பாரம் என்மேல் இல்லை.

பிறகு நான் மேலே.
அவள் தட்டினாள், சீக்கிரமாகவே.
வெட்கப்படாமல், கதவு தட்டுகிறவள்போல.

நான் விடவில்லை.
ஒன்று என்று எண்ணுகிற நேரம்தான்.
அதற்குள் மூன்று குளிர்காலமும் அடங்கியிருந்தது.

எழுந்தபோது
ஹிராகா எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்,
நோட்டுக்கட்டில் ஒன்று குறைகிறபோது பார்ப்பதுபோல.
தொவாகோ தன் சட்டையைச் சரிசெய்தாள்,
இடம் மேலே, வலம் கீழே.
குனிந்தோம்.
நான் முதலில் நிமிரக் கூடாது என்று இருந்தேன்.
அவளும் நிமிரவில்லை.
பல் மருத்துவர் செருமினார்.

புதன் காலை
பனி வழக்கம்போல் என் வாசலில்.
கொஞ்சம் குறைவா, தெரியவில்லை, அளக்கவில்லை.
வாரியை எடுத்து
சைக்கிள் இருந்த திசையில் ஓங்கினேன்.
கைப்பிடியில் என் கட்டைவிரல்.
நகம் வளர்ந்திருந்தது.
செவ்வாய்க்குள் வெட்டிவிட வேண்டும்.