மூன்றாம் சிலிண்டர்

எண்ணூறு டொலருக்கு உன்னை ஏலத்தில் எடுத்தேன்.
ஓஷாவா, நவம்பர். மழையா பனியா என்று
வானம் முடிவெடுக்காத ஒரு பின்னேரம்.
இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு டொயோட்டா எக்கோ,
மானில் மோதி இடது கன்னம் சப்பளிந்து,
பத்திரத்தில் 'சல்வேஜ்' என்ற ஒற்றைச் சொல்லோடு.

இழுவை லொறிக்காரன் ஜெர்மேன் கேட்டான்,
கழற்றி விற்கவா?
இல்லை, டர்போ பூட்டப் போகிறேன் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

பகலில் நான் ஒரு லொறிக் கம்பனியின் கணக்காளர்.
பிறருடைய டீசலை, டயரை, அபராதத்தைச்
சதம் பிசகாமல் எழுதுகிறவள்.
இரவில் அதே கட்டக் கொப்பியில் நீ:
பழைய சாப் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ, நூற்றிருபது.
இன்டர்கூலர், ஒரு மூலை நசுங்கியது, அறுபது.
பெரிய இன்ஜெக்டர் நாலு. புது கிளட்ச்.
எண்ணெய் போகக் குழாய், வரக் குழாய்,
யாரும் விலை சொல்லாத சின்னச் சின்ன வளையங்கள்,
கடைசியில் அவைதான் ஆளை விழுத்தும்.

டர்போ என்றால் என்ன என்று மேனகா கேட்டாள்.
வெளியே போகிற புகையை வாசலில் மறித்து
போகிற போக்கில் இந்தச் சக்கரத்தைச்
சுற்றிவிட்டுப் போ என்பது.
அது சுற்ற, மறுபக்கச் சக்கரம்
புதுக் காற்றை அள்ளி உள்ளே திணிக்கும்.
வீணாய்ப் போவதிலிருந்து வட்டி.
என் தொழிலில் இப்படி ஒன்றை
இதுவரை நான் கண்டதில்லை.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்குமாம்.
எனக்கு அம்மி பறக்கவேண்டாம்.
ஏழு பவுண்டு அழுத்தம், அதற்குமேல் ஒரு மூச்சும் இல்லை.
ஏற்கனவே பத்தரைக்கு ஒன்றாய்
நெரித்து வைத்த காற்று உன்னுடையது.
பேராசைப்பட்டால் பிஸ்டன் உருகும்.

மச்சான் கேதாரன் கொப்பியைப் புரட்டினான்.
"இந்தக் காசுக்கு ஓடுற கார் வாங்கலாமே!"
வாங்கலாம். கூட்டிப் பார்த்திருந்தேன்.
வாங்கி, மிச்சம் அறுநூறும் இருக்கும்.

சனிக்கிழமை இரவல் மானியைப் பூட்டி
ஒவ்வொரு சிலிண்டராய் மூச்சுப் பார்த்தேன்.
நூற்றெண்பத்தைந்து.
நூற்றெண்பது.
நூற்றுப்பத்து.
மானி பிழையோ என்று தட்டினேன். நூற்றுப்பத்து.
நாலாவது, ஒன்றும் அறியாததுபோல், நூற்றெண்பது.
மூன்றாவதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு
மறுபடி சுற்ற, நூற்றறுபது.
அப்படியென்றால் வால்வு இல்லை. வளையம் தேய்ந்துவிட்டது.

மானுக்கு முன்பே உனக்கு இது இருந்திருக்கிறது.
யாருக்கும் சொல்லாமல்
மூன்றரைச் சிலிண்டரில்
யாரையோ தினமும் வேலைக்குக் கொண்டுபோயிருக்கிறாய்.

அன்றிரவு கொப்பியில் பாதியை அழித்தேன்.
இனி எஞ்சினைத் திறக்கவேண்டும்.
திறந்தால் பிஸ்டன். பிஸ்டன் என்றால் கனெக்டிங் ராட்.
ராட் மாற்றுகிறவள் ஏழு பவுண்டோடு
நிற்பாளா என்று எனக்கே தெரியாது.

உன்னைக் கழித்துவிட்ட காப்புறுதிக்காரரும்
என்னைப்போல் ஒரு கணக்காளராய்த்தான் இருந்திருப்பார்.
சேதம் இவ்வளவு, பெறுமதி இவ்வளவு,
இதைவிட அது கூட, எனவே முடிந்தது.
அவருடைய கூட்டலை நான் சரிபார்த்தேன்.
பிழையில்லை.

கராஜ் கதவை உயர்த்தினேன், வெளியே மைனஸ் பதினாலு.
சாவியைத் திருப்ப, ஒரு கால் இழுத்து இழுத்து
நீ பற்றிக்கொண்டாய்.
எதிர்வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது, கோபமாய்.
வெள்ளைப் புகை பனிக்குள் போய்க்கொண்டிருந்தது,
எதையும் சுற்றாமல், சும்மா.

பிஸ்டன் வர எட்டு வாரமாம்.
அதற்குள் இடது கன்னத்தை நிமிர்த்தலாம்.
'மொத்தம்' என்ற கட்டத்தில்
இன்னும் பென்சில் படவில்லை.