ஒன்பதாம் நாள் கணக்கு

பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பிய உறையில் பசை அதிகம்.
கிழித்தபோது கடிதமும் கொஞ்சம் கிழிந்தது.
"தங்கள் குழந்தையின் தலையில்" என்று தொடங்கி
அந்தச் சொல்லுக்குக் கூச்சப்பட்டு
வேறு நான்கு சொற்களில் சுற்றிவந்திருந்தார்கள்.
பேன்.
ரூவி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில்
நான் அதைச் சத்தமாகவே சொன்னேன்.
டெல்ஃபி சிரித்தாள், சொறிந்துகொண்டே.

ஜெசிந்தாவுக்கு இந்த மாதம் முழுக்க நைட் டூட்டி.
வார்டிலிருந்து வாய்ஸ் நோட் அனுப்பினாள்:
"காதுக்குப் பின்னாலதான் முதல்ல பாக்கணும்.
பிறகு பிடரி. அவசரப்படாதீங்க.
முடிய வெட்டிராதீங்க."
கடைசியதை இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.
என்னைத் தெரியும் அவளுக்கு.

மருந்துக்கடை மலையாளி
லோஷனையும் இரும்புச் சீப்பையும் காகிதத்தில் சுற்றி
திருட்டுச் சரக்கு மாதிரி தந்தார்.
இரண்டு ரியால் எழுநூறு பைசா.
என் தலையைப் பார்த்துவிட்டு
"சாருக்கு வேண்டா" என்றார்.
பதினோரு வருஷ மஸ்கட் தண்ணீர்
ஒரு பேன் ஒதுங்கக்கூட
அங்கே மறைவு விட்டுவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை.
ஜன்னலோரம் ஸ்டூல். வெளியே மொட்டை மலை.
கூந்தலை நான்காகப் பிரித்து கிளிப் போட்டு
ஒரு பங்கை மட்டும் அவிழ்த்து
வேரிலிருந்து நுனிவரை, வெள்ளைத் தட்டில் தட்டி,
மறுபடி வேரிலிருந்து.
பேன் ஓடும், பிடித்துவிடலாம்.
ஈர் அசையாது. நூலில் கோத்த நொய்யரிசி.
ஒவ்வொரு முடியாக நகத்தால் உருவ வேண்டும்.

முகம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ
அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.
சுறாவுக்குப் பல் விழுந்து விழுந்து முளைக்குமாம்.
கொயரில் தனக்கு வாயசைப்பு மட்டும்தானாம்.
அம்மா காலையில் வந்து கட்டிப்பிடித்தால்
சானிடைசர் வாசனையாம், அது பிடிக்குமாம்.

எண்ணுவது என் பிழைப்பு.
வாதி கபீரில் ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு:
வாஷர், நட்டு, ஓ-ரிங், எண்ணி எழுதி, எண்ணி எழுதி.
ஆகவே காலண்டர் ஓரத்தில்
வெள்ளி இருபத்துமூன்று.
ஞாயிறு ஒன்பது.
செவ்வாய் இரண்டு.
வியாழன் ஒன்றுமில்லை; அன்றைக்கு ஐஸ்கிரீம்.

ஒன்பதாம் நாள், இரண்டாவது லோஷனுக்கு முன்னால்
சும்மா ஒரு தடவை வாரினேன்.
பதினான்கு.
கிடங்கில் சரக்கு இப்படிக் கூடினால்
யாரோ கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று பொருள்.
"யார்கிட்டேர்ந்து டெல்ஃபி?"
பேச்சு நின்றது.
சீப்பு ஒரு சிக்கில் மாட்டி அதுவும் நின்றது.
பிறகு என்னிடம் இல்லை, தட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"லஹரிய தனி பெஞ்சுல போட்டுட்டாங்கப்பா.
பஸ்ஸுலயும் தனி சீட்டு.
நான் போய் உக்காந்தேன்."
"உக்காந்தா வராதே?"
"தலைய சேத்து வச்சிருந்தோம்.
ஒரு புக்குதான் இருந்துச்சு."

ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவார்கள்
என்று கேட்டிருக்கிறேன்.
இங்கே பெஞ்சாக்கியிருக்கிறார்கள்.

கொஞ்ச நாளைக்குத் தள்ளி உட்கார் என்று
நான் சொல்லியிருக்க வேண்டும்.
ஜெசிந்தா அதைத்தான் சொல்வாள், அவள் சொல்வதுதான் சரி.
வாய்வரை வந்தது.
சிக்கை எடுத்து முடித்தேன்.

"பின்னேயும் உண்டோ?" என்றார் மருந்துக்கடைக்காரர்.
"ரெண்டு செட் குடுங்க" என்றேன்.
பின்னால் நின்றவர் ஓரடி நகர்ந்தார்.
காகிதம் எடுக்கப்போனவரிடம்
சுற்ற வேண்டாம் என்றேன்.

லஹரியின் அப்பாவுக்கு ஹம்ரியாவில் தையல்கடை.
பஸ் லிஸ்டில் நம்பர் இருந்தது.
எனக்குத் தெலுங்கு வராது, அவருக்குத் தமிழ்.
இருவருக்கும் பொதுவான அரைகுறை இந்தியில்
சுகம், வெயில், பள்ளி ஃபீஸ் எல்லாம் ஆயிற்று.
பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
இதற்கு இந்தியில் என்ன சொல்?
தெரியவில்லை.
கடைசியில் தமிழிலேயே சொன்னேன்.
"பேன்."

மிஷின் நின்றது.
"பேனு?" என்றார்.
"ஆமா" என்றேன். "பேனு."