மஞ்சள் வாளி

படிவத்தில் பதினேழு கட்டங்கள்.
பெயர் மருதி. ஊர் கள்ளிமேடு.
எடை நாற்பத்தொன்று. ரத்தம் ஒன்பது.
மலையாளத்தில் கேட்டால் தரையைப் பார்க்கிறாள்,
என் கம்பத்துத் தமிழில் கேட்டால்
பாதி முகம் திருப்புகிறாள்.
மீதிப் பாதி அவள் பேச்சில் இருக்கிறது,
அதற்கு அகளியில் யாருக்கும் டியூட்டி போடவில்லை.

வெளியே ஆம்புலன்ஸ் நிழலில் ஏழு பேர்.
உள்ளே ஒருவர்தான் என்கிறது போர்டு.
வந்த வருஷம் நானும் அந்த போர்டாகத்தான் இருந்தேன்.
வெற்றிலையைத் துப்பு என்று
வார்டே கேட்க ஒருத்தியை அதட்டினேன்.
இரவு ரவுண்டில் கட்டில் காலி,
போர்வை மட்டும் மடித்திருந்தது.
கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே
பாறை மறைவில் பெற்றாளாம்.
அந்தப் பிள்ளையின் எடை
எந்த ஏட்டிலும் இல்லை.
பிழைத்ததா என்று கேட்க
எனக்கு நாலு மாதம் ஆனது.
பதில் சொல்ல அவர்களுக்கு அவசரமில்லை.

மருதி மேஜையில் ஏற மாட்டேன் என்கிறாள்.
"உங்க ஊர்ல எப்படி?" என்றேன்.
நாத்தனார் ரேசி உள்ளே வந்து
சேலையை முறுக்கி ஜன்னல் கம்பியில் போட்டாள்.
மருதி அதைப் பிடித்துக் குத்தவைத்தாள்.
டாக்டர் ஜெஸ்னா வாசலில் நின்று
என்னைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார்,
கையுறை மாட்டிக்கொண்டு
தரையில் உட்கார்ந்தார்.
முட்டி மடக்கி எத்தனை வருஷமோ,
எழும்போது ரேசிதான் கை கொடுத்தாள்.

நாலு மணி பத்து. பெண். இரண்டு கிலோ முன்னூறு.

நஞ்சுக்கொடி விழுந்ததும்
என் கை பழக்கத்தில் மஞ்சள் வாளிக்குப் போனது.
கதவிடுக்கில் பணலி.
"அது எங்கது" என்றான்.
வீட்டோரம் புதைக்காவிட்டால்
பிள்ளைக்குத் தன் இடம் தெரியாதாம்.
வாளியில் விழுவதெல்லாம்
மலையிறங்கி லாரியில் போய் எரியும்
என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
விதியைத் தேடினேன்.
சரியாகப் படித்தால்
கூடாது என்றுதான் இருந்தது.
டாக்டர் கை கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்,
குழாய்ச் சத்தத்தில் எதுவும் கேட்காதவர் போல.

என் டிபன் பாக்ஸ் பெரியது.
எலுமிச்சை சாதத்தைக் காகிதத்தில் கொட்டினேன்.
இரண்டு பாலித்தீன் உறை, இறுக்கிய மூடி.
இரு கையாலும் வாங்கிய பணலி
"இன்னும் சூடா இருக்கு" என்றான்.

ஏட்டில் 'அகற்றிய விதம்' என்றொரு கட்டம்.
எரிப்பு, புதைப்பு, மற்றவை.
மற்றவையில் எழுதினேன்:
ஊருக்குப் போயிற்று.

இன்ஸ்பெக்ஷன் வரும்போது வரட்டும்.
டிபன் பாக்ஸ் எங்கே என்று
வீட்டில்தான் தினமும் கேட்கிறார்கள்.
ஷோலையூர் பஸ்ஸில்
விட்டுவிட்டேன் என்றேன்.