வரைபடத்தில் ஆறாம் எண்

வியாழக்கிழமை கப்பல் வரும்.
ஊரைவிட உயரமானது.
அது கரையை ஒட்டி நின்றுவிட்டால்
மீன்சந்தைமேல் பதினொரு மணிவரை வெயில் விழாது;
சாளை இன்னும் கொஞ்ச நேரம் கெடாமல் இருக்கும்.
அந்த நன்மையையும் சொல்ல வேண்டும்.

இறங்குகிறவர்கள் கையிலெல்லாம் ஒரு தாள்:
‘ஆன்ஸ் கிரிசெல் – பார்க்க வேண்டிய இடங்கள் ஏழு.’
வரைந்தவன் நான்.
சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா, பெயர் தியோபான்.
கையெழுத்து உருண்டையாக இருந்த பாவத்துக்கு
சுற்றுலாவும் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஏழு, தலைநகரம் கேட்ட எண்ணிக்கை.
எங்களிடம் தேறியது நான்கு:
மரத் தேவாலயம்,
அருவி,
கடலைப் பார்த்துத் துருப்பிடிக்கிற பீரங்கி,
மழை பெய்தால் பச்சைத் தண்ணீராகிவிடும் வெந்நீர் ஊற்று.
ஐந்தாவதாக
பெலிக்கன்கள் மட்டும் புழங்கும் படகுத்துறையைச் சேர்த்தேன்.
ஏழாவதாகச் சூரிய அஸ்தமனம்.
அதற்கும் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார்கள்.
தபால் நிலையத்துக்குப் பின்னால் வைத்தேன்.

ஆறு, பழைய வெடிமருந்துக் கிடங்கு.
புயலுக்கு முன்பு கிடங்கு. இப்போது
இரண்டு சுவரும் ஒரு வெள்ளாடும்.
அச்சுக்குப் போகிற அன்று
கை வியர்த்ததோ, பேனா வழுக்கியதோ,
ஆறு போய் உட்கார்ந்துவிட்டது
யூடோக்சி வீட்டுக் கூரைமேல்.

யூடோக்சி மருத்துவமனையில் இரவுத் தாதி.
ஊர் விழித்த பிறகு
ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறவள்.
முதல் வியாழன், கண் திறந்தால்
ஜன்னல் நிறையத் தொப்பிகள்.
“இதுதானா?” என்றார்களாம்.
தூக்கத்தில் “இதுதான்” என்றாளாம்.
தகரக் கூரையைப் படம் பிடித்தார்கள்,
கொடியில் காய்ந்த சீருடையைப் பிடித்தார்கள்.
வெடிமருந்தை எங்கே வைத்திருந்தார்கள் என்று ஒருவர் கேட்க
சமையலறை அலமாரியைக் காட்டினாள்,
மிளகாய் ஊறுகிற புட்டிகளை.
பயபக்தியோடு எட்டிப் பார்த்துவிட்டு
வாசற்படியில் ஒரு டாலர் வைத்துப் போனார்.

மறுநாள் அந்த டாலர் என் மேசைமேல்.
நான்காயிரம் பிரதி அடித்தாயிற்று,
தீர்ந்ததும் திருத்துகிறேன் என்றேன்.
“அது கிடக்கட்டும்.
இத்தனை கூரை இருக்கிற ஊரில்
உன் பேனா ஏன் சரியாக என் கூரையில் வழுக்கியது?”
ரப்பர் முத்திரையை மையில் ஒற்றினேன்.
எதன்மேலும் குத்தவில்லை. மறுபடி ஒற்றினேன்.

நான்காயிரம் தீர இரண்டு மழைக்காலம் ஆனது.
புதிய தாளில் ஆறைச் சுரண்டி எடுத்தேன்.
கிடங்குக்கும் திருப்பித் தரவில்லை, ஆடு பயந்த சுபாவம்.
ஐந்துக்கு அடுத்து ஏழு.
தலைப்பில் மட்டும் ‘ஏழு’ அப்படியே நின்றுவிட்டது.
இந்த முறை நிஜமாகவே மறதி.

இப்போது வியாழன்தோறும் ஊர் முழுக்க ஒரே கேள்வி:
ஆறு எங்கே?
ரொட்டி அடுப்புக்குள் குனிகிறார்கள்.
இக்னேஸ் சவரக் கடையில்
பாதி மழித்த கன்னத்தை உற்றுப் பார்க்கிறார்கள்.
வலை பிரிக்கிற விரல்களை,
பள்ளிச் சுவரில் அழியாத ஒரு கெட்ட வார்த்தையை,
இதுவாக இருக்குமோ
என்று நின்று பார்க்கிறார்கள்.
அருவிக்குக்கூட யாரும் இவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.
பொடியன்கள் ஆளுக்கொரு திசை காட்டிக் காசு பார்க்கிறார்கள்.

சாப்பாட்டு வேளையில் நான்
சீமைப்பலா மரத்தடியில், அவள் வேலிக்கு எதிரே,
குடுவைக் காப்பியோடு.
தாளும் கையுமாக யாராவது நெருங்கினால்
உதட்டில் விரல் வைத்து
கடல் பக்கம் காட்டுகிறேன்.
போய்விடுகிறார்கள்.
ஜன்னல் திறந்தே இருக்கிறது.
சீருடை காற்றில் கை ஆட்டுகிறது, எனக்கல்ல.
காப்பி ஆறுகிறது.

போன வியாழன் உள்ளிருந்து,
கண் திறக்காத குரலில்:
“பார்க்க ஒரு டாலர், தியோபான்.”

மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது அது,
இரண்டு மழைக்காலமாக.