தராசு அண்ணா

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடி தாண்டி
எடைமேடைக் கூண்டில் எனக்கு இரவுப் பணி.
தேங்காய் லாரி வரும்வரை
கைபேசியில் சுட்டுக்கொண்டிருப்பேன்.
ஆட்டத்தில் என் பெயர் தராசு.
மைக்கை அணைத்தே வைத்திருப்பேன்.
பெண்குரல் கேட்டால் பாதிப் பேருக்குத்
துப்பாக்கி மறந்துபோகும்.

புலிக்குட்டி11 எங்கள் தலைவன்.
கொழிஞ்சாம்பாறைக்காரன். குரல் இன்னும் உடையவில்லை.
"தராசு அண்ணா, அவிடே நிக்காதே, இங்க வா,
வீட்டுக்குப் பின்னாலே ஆளுண்டு."
நாற்பத்து மூன்று வயதில்
ஒருவன் சொல்லி ஓடுகிறேன்.
விழுந்தால் வந்து தூக்கிவிடுகிறான்.
திட்டுவதில்லை.

நேற்று அவன் மைக்கில் ஒரு கதவு திறந்தது.
"ஷிபினே, மணி எத்தரயாயி!"
அப்புறம் ஒரு சத்தம்,
அறையா, நாற்காலியா.
அப்புறம் ஒன்றுமில்லை.
புல்வெளி நடுவே அவன் பொம்மை
அசையாமல் நின்றது.

மற்ற இருவரும் வண்டியெடுத்துப் போய்விட்டார்கள்.
வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது.
அவன் பக்கத்தில் குந்தி
வந்தவனைச் சுட்டேன், இன்னொருவனையும்.
வெளியே லாரி ஹாரன் அடித்தது.
"இருப்பா" என்றேன்,
எவரிடம் என்று தெரியாமல்,
மைக்கைத் திறந்து.

ஆறு நிமிடம் கழித்து மூக்குறிஞ்சும் ஒலி.
"ஆரா அது?"
"தராசு."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அக்கா, உங்க கிட்ட பேண்டேஜ் உண்டோ?"
இரண்டு இருந்தன.
இரண்டையும் அவன் காலடியில் போட்டேன்.

ஓட்டுநர் கண்ணாடியைத் தட்டினார்.
சீட்டில் பதினாறு டன் என்று எழுதிக் கொடுத்தேன்.
வண்டி காலி என்று
அவர்தான் சொன்னார்.