இரு பல் சாவி

இடது குழல்: டிக்.
வலது குழல்: டிக்.
வாத்துக் கூட்டம் என் தலைக்கு மேலேயே
நிதானமாக வளைந்து
நெஸ்டரின் பார்லி வயலில் இறங்கியது.
சிரித்துக்கொண்டே போனதாகத்தான் எனக்குப் பட்டது.

பதினேழு வருஷம் சுவரில் தொங்கிய துப்பாக்கி.
பெல்ஜியத்தில் செய்தது, பன்னிரண்டாம் நம்பர்.
வில் சோர்ந்திருக்கும், துரு ஏறியிருக்கும்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழலை மடக்கித் திறந்தால்
பின்முகத்தில் காசு மாதிரி இரண்டு எஃகு வில்லை.
ஒவ்வொன்றிலும் இரண்டு பொட்டுத் துளை.
அதில் இரண்டு பல்லை நுழைத்துத் திருகினால்தான்
உள்ளே இருக்கும் அடி ஊசி வெளியே வரும்.
அப்படியொரு சாவியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்றான்
யார்க்டன் கடைக்காரன்.
புதுசு வாங்கிக்கொள்ளுங்களேன் பெரியவரே.

அந்தப் 'பெரியவரே'யில்தான் எனக்கு வீம்பு பிடித்தது.

மெழுகுவத்திக் கரியை வில்லையில் பூசி
சிகரெட் தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
கறுப்பு வட்டத்துக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளி.
நடுவே ஆறரை மில்லிமீட்டர்.

பழைய டிராக்டரின் வால்வுத் தண்டு கைப்பிடி ஆனது.
துளை போட்டு, அதில் ஆணியை வெட்டிச் செருகினேன்.
வளைந்தது.
டிரில் பிட்டின் துண்டைச் செருகினேன்.
கண்ணாடி போல் முறிந்து கன்னத்தைக் கீறியது.
தெக்லாவிடம் போய்
தையல் மெஷின் ஊசி இரண்டு வேண்டும் என்றேன்.
எதற்கு?
துப்பாக்கிக்கு.
கொஞ்ச நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தவள்
எந்த நம்பர் என்றாள்.

ஊசியின் தடித்த பாகம் கச்சிதமாக உட்கார்ந்தது.
ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவைத்து
காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினால்
வில்லை வெண்ணெய் போல் சுழன்றது.
மரையெல்லாம் வாஸ்லின்.
நான் வாஸ்லின் வைக்கிற ஆள் இல்லை.

ஊசி முறிந்திருக்கவில்லை.
அரத்தால் ராவியிருந்தது.
மட்டமாக, அவசரமில்லாமல்,
தோட்டாவைத் தொட ஒரு மயிரிழை போதாதபடி.
இரண்டாவதும் அப்படியே.

கொட்டகையில் அன்றைக்கு நான் வேறு வேலை பார்க்கவில்லை.

எண்பத்தாறு, பிப்ரவரி.
வங்கியிலிருந்து மூன்றாவது கடிதம்.
மைனஸ் முப்பத்தெட்டில் ஹீட்டர் போடாமல்
இதே ஸ்டூலில் உட்கார்ந்து
துப்பாக்கியைத் துடைத்தேன்.
துடைத்ததையே துடைத்தேன்.
தெக்லா கதவைத் திறந்து
பீட்ரூட் சூப் ஆறிப்போகிறது என்றாள்.
உள்ளே போனேன்.
அப்புறம் ஒரு வாரத்துக்கு
அவளுடைய வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி.
கேட்டதற்கு, காரட் சீவும்போது என்றாள்.

மேஜையில் வெள்ளரி ஊறுகாய் ஜாடி.
பக்கத்தில் அவள் தனியாக வைத்திருக்கும் முள்கரண்டி,
ஓரப் பற்கள் இல்லாமல் நடுப் பல் இரண்டு மட்டும்.
எப்படி உடைந்தது என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.
இறுகிக் கிடந்ததை நெம்பினேன் என்றாள்.
ஜாடி மூடியைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பியதும்
சட்டைப்பையிலிருந்து சிகரெட் தாளை எடுத்து
புள்ளியின் மேல் பல்லை வைத்துப் பார்த்தேன்.
உப்புத் தண்ணீரில் கரி கலைந்து
விரலெல்லாம் கறுப்பு.

புது ஊசி கடைய அரை மணி நேரம் போதும்.
கம்பி தயாராக இருக்கிறது.
வாத்துகளும் இன்னும் பத்து நாள் இருக்கும்.
நான் பழைய ஊசிகளையே உள்ளே போட்டு,
வாஸ்லின் வைத்து மூடி,
துப்பாக்கியைச் சுவரில் மாட்டினேன்.
என் சாவியைத் துடைத்து
சமையலறை டிராயரில் முள்கரண்டிக்குப் பக்கத்தில் போட்டேன்.

மறுநாள் டிராயரைத் திறந்தவள்
மூடச் சற்று நேரமெடுத்தாள்.
சரியாச்சா?
கெடவே இல்லை, தெக்லா.

தட்டில் உருளைக்கிழங்கு வைத்தாள்.
வெங்காயம் போட்டாள்.
டவுனுக்குப் போனால்
அந்த ஊசி இரண்டு வாங்கி வந்துவிடு என்றாள்,
பதினாறாம் நம்பர்.