ஐந்நூறுக்குக் கீழே

ஒப்பந்தத்தின் ஏழாவது வரி
நான் சொல்லி எழுதியது:
ஐந்நூறு ரூபாய்க்குள் வரும் மராமத்தைக்
குடியிருப்பவரே பார்த்து வாடகையில் கழிக்கலாம்.
மேலே போனால் என்னைக் கேட்க வேண்டும்.

ரசல்ராஜ், ராணித்தோட்டம் டிப்போவில் கண்டக்டர்.
சில்லறை பிசகாத கை.
வாஷர் பன்னிரண்டு,
டெஃப்லான் டேப் இருபது,
வில்பிரட்டுக்குக் கூலி முந்நூற்றைம்பது,
அவனுக்குச் சாயா பதினைந்து.
முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
நானூறு என்று ஒருநாளும் எழுதமாட்டார்.

பஹ்ரைனில் எனக்கு இரவு டூட்டி.
ஆறாம் கட்டில்காரருக்கு ட்ரிப் எண்ணும்போது
பையில் ஒரு குரல்பதிவு.
பேச்சே இல்லை.
தக்கலையில் என் அடுக்களைக் குழாய்
சொட்டிக்கொண்டிருந்தது,
அதற்குப் பின்னால் இடவப்பாதி மழை.
கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன்.
நிமிடத்துக்கு நாற்பது.
இருபது சொட்டு ஒரு மில்லி என்றால்
நாளைக்கு மூன்று லிட்டர், கொஞ்சம் குறைய.
இவ்வளவு மழைக்குள்
மூன்று லிட்டருக்கு ஓர் ஆள்கூலியா?
‘மாத்துங்க’ என்று அனுப்பினேன்.

ஆகஸ்டில் இரண்டு ரசீது.
பதினாலாம் தேதி நானூற்றெண்பது.
பதினாறாம் தேதி நானூற்றெழுபது.
இரண்டிலும் மோட்டார்.
மேட்டுக்கடையில் அதே கடை, அதே பேனா,
அடுத்தடுத்த எண்கள்,
நடுவில் ஒரு சுதந்திர தினம்.

மூன்று நாள் கேட்கவில்லை.
அண்ணனிடம் சொன்னால்
‘அண்ணைக்கே விக்கச் சொன்னேன்லா’ என்பான்.
நாலாம் நாள் கேட்டேன்.

“ஒரே வேலைதான் சிஸ்டரே.
தொள்ளாயிரத்தைம்பது ஆச்சு.
கேக்கலாம்னா இஞ்ச மணி பத்து,
நீங்க டூட்டி முடிஞ்சு ஒறங்கப் போற நேரம்.
அதான் ரெண்டா கீறுனேன்.
பழைய சாமானெல்லாம் ஹார்லிக்ஸ் குப்பியில கிடக்கு,
வரும்போ பாருங்க.”

நம்பினேனா, தெரியாது.
அன்று இரவு
ஒரு பெட்டிக்கு மேல் கையுறை எடுக்க
சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும்.
அவள் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள்.
ஒரு பெட்டி என்று ஒரு சீட்டு எழுதினேன்,
ஒரு பெட்டி என்று இன்னொன்று.

டிசம்பரில் பதினொரு நாள் லீவு.
அண்ணன் வீட்டில் தங்கி
ஒரு மாலை மட்டும் என் வீட்டுக்குப் போனேன்.
மணி அடித்துக் காத்து நின்றேன்.
ரசல்ராஜ் குப்பியைத் தினத்தாளில் கவிழ்த்தார்:
வீங்கிய கப்பாசிட்டர்,
கருகிய ஒரு சுவிட்ச்,
ஒரே பக்கம் தேய்ந்த வாஷர் நாலு.
கரண்ட் போய் வந்தது.
விளக்கைப் போட எழுந்தேன்.
கை வெறும் சுவரைத் தடவியது.
“அது இந்தப் பக்கம் மாத்தியாச்சு” என்றாள் விஜிலா.
ஆமாம், நானூற்று அறுபத்திரண்டு.
பணம் கொடுத்தது நான்தான்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னேன்:
“இனி எழுநூற்றைம்பது வரைக்கும்
என்னைக் கேக்கண்டாம்.”

ஜனவரி ரசீது வந்திருக்கிறது.
எழுநூற்று நாற்பத்தைந்து.
சாயா சேர்த்து.